மேலே கப்பல் போகிறது

போர்ப் படம் என்றால் நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஏதாவது வெடிக்க வேண்டும், யாராவது ஓட வேண்டும், முடியும்போது கொடி பறக்க வேண்டும். ஜெர்மானிய இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் 1981இல் எடுத்த 'டாஸ் போட்' ('படகு') என்ற நீர்மூழ்கிப் படத்தில் என்னை ஆட்டிவைத்த காட்சியில் இவை ஒன்றும் இல்லை. வியர்த்து வழியும் ஆண்கள் சிலர் ஒரு இரும்புக் குழாய்க்குள் அசையாமல் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. குழாய்களும் வால்வுகளும் நெருக்கியடிக்கும் கூரை, அதற்கு மேல் கடல், கடலுக்கு மேல் இவர்களைத் தேடும் பிரிட்டிஷ் போர்க்கப்பல். அந்தக் கப்பலை நமக்கும் காட்டுவதில்லை. அதன் புரொப்பல்லர் சத்தம் மட்டும் நெருங்குகிறது, தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார். ஏன் என்று கேட்டேன். "மேல கப்பல் போகுதுல்ல" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது.

கதை சின்னது. 1941இன் இலையுதிர்காலம். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சின் லா ரொஷெல் துறைமுகத்திலிருந்து யூ-96 என்ற நீர்மூழ்கி கிளம்புகிறது. பிரிட்டனுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்களை அட்லாண்டிக்கில் மூழ்கடிப்பது அதன் வேலை. இரை கிடைக்காமல் வாரக்கணக்கில் அலைகிறது, புயலில் மாட்டுகிறது, ஒரு கப்பல் கூட்டத்தைத் தாக்குகிறது, தாக்கியதற்குச் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்கிறது. ஊருக்குத் திரும்பலாம் என்று ஆசைப்படும் நேரத்தில், மத்தியதரைக் கடலுக்குப் போ என்று உத்தரவு வருகிறது. வழியில் ஜிப்ரால்டர் நீரிணை, பிரிட்டிஷ்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கும் இடம். அங்கே அடிபட்டு, கட்டுப்பாடு இழந்து இறங்கி, 280 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் மோதி நிற்கிறது. மூலநாவலை எழுதிய லோதர்-குந்தர் புக்ஹைம் போர்ச் செய்தியாளராக நிஜமான யூ-96இல் பயணம் செய்தவர். நாவல் 1973இல் வெளிவந்தது. படம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தனிக்கதை.

என்ன ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். போரில் 40,000 ஜெர்மானியர் நீர்மூழ்கிகளில் பணியாற்றினார்கள், 30,000 பேர் திரும்பவில்லை. நான்கில் மூன்று பேர். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பிறகு மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நம்மைப் பதறவைக்க ஒரு தைரியம் வேண்டும்.

நான் முதலில் பார்த்தது சிங்கப்பூரில் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்த புதிதில், வாடகைக் கேசட்டில், எல்லாரும் ஆங்கிலம் பேசிய இரண்டரை மணி நேரப் பதிப்பை. நல்ல சண்டைப் படம் என்று நினைத்ததோடு சரி. 1997இல் பீட்டர்சன் மறுபடி தொகுத்து வெளியிட்ட பதிப்பு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. அதில் கூடியிருப்பது வெடிகள் இல்லை, சலிப்பு. ஒன்றும் நடக்காத நாட்கள். கிளம்பும்போது இண்டு இடுக்கெல்லாம் தொங்கும் தொத்திறைச்சியும் ரொட்டியும் எலுமிச்சம்பழமும் மெல்ல மெல்லக் காலியாகின்றன. ஐம்பது பேருக்கு ஒரே கழிப்பறை, ஏனென்றால் இன்னொன்றில் சாப்பாட்டுச் சாமானை அடைத்துவிட்டார்கள். ஒருவன் எழுந்த படுக்கையில் அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் படுக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் நாலு தடவை எழுந்து வழிவிட வேண்டும். ஆபாச ஜோக்குகள், பேன், பூசணம். இரண்டாம் மணி நேரத்தில் அந்த நாற்றம் நம் வீட்டு ஹாலுக்குள் வந்துவிடுகிறது.

பெரும்பாலான காட்சிகளைக் கதை போகும் வரிசையிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். அதனால் தாடி நிஜமாகவே வளர்கிறது. முகம் வெளிறித் தெரிய வேண்டும் என்பதற்காக நடிகர்களை வெயிலில் விடாமல் வைத்திருந்தார்கள். ம்யூனிக் ஸ்டுடியோவில் உள்பக்கத்தை அளவு மாறாமல் கட்டி, அதை ஆட்டும் இயந்திரத்தின் மேல் வைத்தார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ, கேமராவுக்கு வசதியாகச் சுவரைக் கழற்றும் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஆட்டத்தைச் சமன்செய்யும் சுழல்காட்டிகள் பொருத்திய சிறிய கேமரா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடுக்குக்குள் ஓடினார். அபாய மணி அடித்ததும் மாலுமிகள் வட்டக் கதவுகளுக்குள் பாய்ந்து முன்பக்கம் ஓடும் காட்சியில் நாமும் குனிந்துகொள்கிறோம். இன்று கணினியில் எதையும் காட்டிவிடலாம். நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோ போவதைக்கூடப் பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள். நீர்மூழ்கிப் படத்தில் அப்படிக் கேமரா வெளியே போய் மீனோடு நீந்தினால் எனக்கு அத்தோடு படம் முடிந்தது. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதது எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

இந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணைப் பிடுங்கிக்கொண்டு காதைக் கொடுக்கிறது. நீருக்கடியில் கேட்கும் கருவியின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவன் மட்டும் வெளியுலகத்தோடு தொடர்பில் இருக்கிறான். தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு சக்கரம். அதைத் திருப்பித் திருப்பி, சத்தம் எந்தத் திசையில் என்று கிசுகிசுக்கிறான். எல்லாரும் அவன் உதட்டைப் பார்க்கிறார்கள். அப்புறம் அந்தச் சோனார் ஒலி. மேலே உள்ள கப்பல் அனுப்பும் ஒலியலை நீர்மூழ்கியின் தகட்டில் பட்டுத் தெறிப்பது உள்ளே இருப்பவர்களுக்கு வெறும் காதிலேயே கேட்கும். 'டிங்' என்று ஒன்று. இடைவெளி. மறுபடி ஒன்று. இடைவெளி குறையக் குறைய நம் தோள்கள் இறுகுகின்றன. ஆஸ்கார் விருதுக்கு ஆறு பிரிவுகளில் இந்தப் படம் போட்டியிட்டது, அதில் இரண்டு ஒலிக்கானவை. ஒன்றும் கிடைக்கவில்லை.

நம் படங்களில் மௌனத்தைக் கண்டால் பயம். கதாநாயகன் தண்ணீர் குடித்தாலும் வயலின் வேண்டும். கிளாவுஸ் டோல்டிங்கர் இந்தப் படத்துக்கு அருமையான இசை தந்திருக்கிறார், ஆனால் நெருக்கடி முற்றும்போது அந்த இசை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது. தகடு முனகுவதும் தண்ணீர் சொட்டுவதும் மட்டும் கேட்கின்றன.

தகடு முனகுவதைப் பற்றி என்னைவிட மச்சானுக்கு அதிகம் தெரியும். மனைவியின் அண்ணன் அவர். செம்பவாங்கிலும் துவாஸிலும் கப்பல் பட்டறைகளில் ஃபிட்டராகத் தொடங்கி சூப்பர்வைசராகி இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். சினிமா பார்க்கும் பொறுமை அவருக்குக் கிடையாது, பாதியில் தூங்கிவிடுவார். இதில் தூங்கவில்லை. இடையிடையே விளக்கம் வேறு. கேப்டன் அளவுக்கு மீறி ஆழத்தில் இறக்கும்போது, "பத்து மீட்டருக்கு ஒரு கிலோ மாப்ள" என்றார். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை கூடும். 280 மீட்டர் என்றால் 28 கிலோ. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தகட்டுக்குக் கணக்குப் போட்டால் 280 டன். அந்த ஆழத்தில் போல்ட்டுகள் தெறித்து உள்ளே பறக்கின்றன. அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, கையைக் கட்டிக்கொண்டார்.

காட்சி முடிந்த பிறகு தன் வேலையைப் பற்றிப் பேசினார். கப்பலின் அடியில், அதை நிலைநிறுத்தத் தண்ணீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்குக்குள் இறங்கி வெல்டிங் வேலை பார்ப்பது. காற்றோட்டம் இல்லாத இடம் என்பதால் பெர்மிட் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. முதலில் கேஸ் செக். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்க முடியாது, 23.5க்கு மேல் போனாலும் முடியாது, தீப்பிடிக்கும். மேலே மேன்ஹோல் வாயில் ஒருவர் உட்கார்ந்து யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எழுதிக்கொண்டே இருப்பார். "உள்ள இருக்கறவனுக்கு அந்த ஆளோட குரல்தான் எல்லாம். அப்பப்ப பேர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடலைன்னா மனசு ஒரு மாதிரி ஆயிரும்." அந்தப் படத்தில் மேலே உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. மேலே இருப்பவன் இவர்கள் சாக வேண்டும் என்று காத்திருப்பவன்.

மச்சானுக்குப் பிடித்த பாத்திரம் கேப்டன் இல்லை. யோஹான். இயந்திர அறையை விட்டு வெளியே வராத, இயந்திரத்தோடேயே குடும்பம் நடத்துகிற மெக்கானிக். குண்டுகள் வெடிக்கும்போது அவன் உடைந்துபோகிறான். தன் இடத்தை விட்டு வெளியே ஓடிவந்து, மேலே போக வேண்டும் என்று திமிறுகிறான். கேப்டன் துப்பாக்கி எடுக்கப் போகிறார். அத்தனை பேரிலும் அனுபவசாலி, அவன்தான் முதலில் விழுகிறான். பட்டறையில் புதிய பையன்களை விடப் பழைய ஆட்களைக் கண்காணிக்க வேண்டும் என்று மச்சான் சொன்னார், எத்தனை தடவை தாங்கியிருக்கிறான் என்பதை உடம்பு கணக்கு வைத்திருக்குமாம். பின்னால் ஜிப்ரால்டரின் அடியில் தண்ணீர் கொட்டும் இடத்தில் முழுகி முழுகி ஓட்டையை அடைப்பவனும் அதே யோஹான்தான். வசனம் எதுவும் இல்லாமல் அவனுக்கு மரியாதை திரும்பக் கிடைக்கிறது.

சரி, இவர்கள் யார்? நாஜி ஜெர்மனியின் கடற்படை. இங்கேதான் எனக்குச் சங்கடம்.

படத்தில் கட்சி விசுவாசமான அதிகாரி ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். கேப்டனுக்கு மேலிடத்தின் மேல் மரியாதை இல்லை. இதையெல்லாம் காட்டி, இவர்கள் வெறும் வேலைக்காரர்கள் என்று நம்மை எளிதாக நம்பவைத்துவிடுகிறார் பீட்டர்சன் என்று ஒரு விமர்சனம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நம்பவைப்பது அந்தக் கேலிப் பேச்சு இல்லை, மூச்சு. ஒரு மனிதன் காற்று இல்லாமல் திணறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் எந்தக் கட்சி என்று கேட்கும் வேலையை மனம் ஒத்திப்போடுகிறது. தகப்பன் பெயரைக் கேட்காமல் கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடுகிற மாதிரி உடம்பு முந்திக்கொள்கிறது. மனசாட்சி பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்கிறது.

பீட்டர்சன் இதை அறிந்தவர். அதனால்தான் அந்த எண்ணெய்க் கப்பல் காட்சி. குண்டு மழையிலிருந்து தப்பி, இரவில் நீர்மூழ்கி மேலே வருகிறது. சில மணி நேரம் முன்பு இவர்கள் டார்பிடோ அடித்த டாங்கர் இன்னும் மூழ்காமல் எரிந்துகொண்டிருக்கிறது. அதை முடித்துவிட இன்னொரு டார்பிடோ விடுகிறார் கேப்டன். அப்போதுதான் தெரிகிறது, கப்பலில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இத்தனை நேரமாகியும் யாரும் காப்பாற்ற வரவில்லை. உடம்பில் தீயோடு கடலில் குதிக்கிறார்கள், இந்த நீர்மூழ்கியை நோக்கியே நீந்திவருகிறார்கள், கத்துகிறார்கள். கேப்டன் பின்னுக்குப் போகச் சொல்கிறார். படகு மெல்லப் பின்வாங்குகிறது. அதுவரை நமக்கு எதிரி என்றால் ஒரு சத்தம், ஒரு 'டிங்'. முதன்முதலாக எதிரிக்கு முகம் கிடைக்கிறது, அது எரிகிறது.

தமிழனாக உட்கார்ந்து பார்க்கும்போது அந்த முகங்கள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகின்றன. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் கொதிகலன் அறையில் கரி அள்ளியவர்களிலும், தளத்தில் கயிறு இழுத்தவர்களிலும் பல்லாயிரம் பேர் இந்தியர்கள். டார்பிடோ நீர்மட்டத்துக்குக் கீழே அடிக்கும், கொதிகலன் அறையில் இருப்பவனுக்கு மேலே வர வழி கிடையாது. பம்பாயிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ள நினைவேடுகளில் அந்தப் போரில் கடலில் மாண்ட 6,000க்கும் மேற்பட்ட இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி மூன்றரை மணி நேரப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் நீர்மூழ்கி என்றால் வேறு கதை. அம்மாவழித் தாத்தா மலாயாவின் ஜொகூரில் ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தவர். "நேதாஜி கடலுக்கு அடியிலேயே வந்தாருடா" என்று புராணக் கதை சொல்வதுபோல் சொல்வார். சின்ன வயதில் நான் கற்பனை செய்துகொண்டது சீருடையோடு தண்ணீருக்கடியில் நிமிர்ந்து நடந்துவரும் ஒரு நேதாஜியை. உண்மையில் சுபாஷ் சந்திர போஸ், தன் உதவியாளர் ஆபிட் ஹசனோடு 1943 பிப்ரவரி 9ஆம் தேதி ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யூ-180இல் ஏறினார். ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகில் இறங்கி, ஜப்பானிய ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார். மே மாதம் சுமத்ராவின் வடக்கே சபாங்கில் இறங்கி, அங்கிருந்து தோக்கியோ. ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர். ஜூலை 5ஆம் தேதி பாடாங் திடலில் அணிவகுப்பைப் பார்வையிட்டு, டெல்லிக்குப் போவோம் என்று முழங்கியபோது கூட்டத்தில் தாத்தாவும் இருந்தாராம். இப்போதும் எஸ்பிளனேட் பூங்காவில் ஐஎன்ஏ நினைவிடத்தின் கல்வெட்டைத் தாண்டி நடக்கும்போது அவர் குரல் காதில் விழும்.

இரண்டரை மாதத்துக்கு மேல், படத்தில் பார்த்த மாதிரியான இடத்தில். அதே டீசல் நாற்றம், அதே ஈரம், மேலே விமானச் சத்தம் கேட்டால் அதே பாய்ச்சல். தாத்தா சொன்ன புராணத்தில் இவை இல்லை. இன்னொன்றும் இல்லை: அந்தப் பயணத்தில், ஏப்ரல் 18ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் கடலில் யூ-180 ஒரு பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. 'கோர்பிஸ்' என்பது அதன் பெயர். பிழைத்தவர்கள் மிகச் சிலர். படத்தின் டாங்கர் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு இப்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறவர் அந்தக் குழாய்க்குள் இருந்திருக்கிறார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் எழுதினால் அது கதை கட்டுவதாகிவிடும். ஆனால் நேதாஜியின் தேவை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அவரைச் சுமந்துவந்த படகு யாருடையது, வழியில் என்ன செய்தது என்பதை அவரை மதிக்கிறவர்கள் சொல்லாமல் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இரண்டு நீர்மூழ்கிகளும் பிழைக்கவில்லை. ஐ-29ஐ 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. அடுத்த மாதமே யூ-180 பிரான்சுக்கு மேற்கே பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு காணாமல் போனது.

அட்லாண்டிக் கதை என்று நாம் ஒதுக்கிவைப்பது நம் வாசல்வரை வந்திருக்கிறது. 1943க்குப் பிறகு ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாக்கி இந்தியப் பெருங்கடலில் திரிந்தன, சிங்கப்பூரிலும் வந்து நின்றன. ஜெர்மனி சரணடைந்த 1945 மே மாதம் யூ-181, யூ-862 என்ற இரண்டு நீர்மூழ்கிகள் சிங்கப்பூரில்தான் இருந்தன. ஜப்பானியர்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள், ஜப்பானும் சரணடைந்த பிறகு பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள், 1946 பிப்ரவரியில் மலாக்கா நீரிணையில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள். பினாங்குக்குக் கப்பல் சுற்றுலா போகிறவர்கள் அந்தக் கடலின் மேல்தான் பஃபே சாப்பிடுகிறார்கள்.

கேசட்டில் பார்த்த சண்டைப் படம் வேறு படமாக மாறியது 2021 ஏப்ரலில். நான்கு நாட்கள்.

ஏப்ரல் 21ஆம் தேதி அதிகாலை பாலித் தீவுக்கு வடக்கே டார்பிடோப் பயிற்சியின்போது இந்தோனேசியக் கடற்படையின் நங்கலா என்ற நீர்மூழ்கி தொடர்பு இழந்தது. உள்ளே 53 பேர். அன்று பிற்பகலே சிங்கப்பூரிலிருந்து 'ஸ்விஃப்ட் ரெஸ்கியூ' மீட்புக் கப்பல் கிளம்பிவிட்டது. நீர்மூழ்கியோடு தண்ணீருக்கடியில் இணைந்து ஆட்களை வெளியே எடுக்கக்கூடிய கப்பல் இந்த வட்டாரத்தில் அதிகம் கிடையாது. உள்ளே மின்சாரம் போயிருந்தாலும் 72 மணி நேரத்துக்குக் காற்று இருக்கும் என்று இந்தோனேசியக் கடற்படை சொன்னது. சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிவரை. அவ்வளவுதான், எல்லாருக்கும் ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது.

அது நோன்பு மாதம். யீஷூனில் எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக்கின், அதாவது மலாய் அத்தையின், உறவுக்காரர்கள் சுராபாயாவில் இருக்கிறார்கள். நங்கலா இருந்த தளமும் அந்த ஊர்தான். நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன்னால் வழக்கம்போல் குவே பலகாரத் தட்டோடு எங்கள் கதவுக்கு வருவார், அந்த நாட்களிலும் வந்தார். தட்டை நீட்டும்போதே, "செய்தி ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். அவர் வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சேனலுக்குச் சேனல் செய்தி மாறியிருக்கலாம் என்ற எண்ணம். வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் தூங்கவில்லை. கப்பல் எங்கே, அது பாலியை எட்டிவிட்டதா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. காற்று தீர்வதற்கு முன்பே கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வந்துவிடும் என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். படத்தில் எல்லாரும் வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, கரியமில வாயுவை உறிஞ்சும் ரசாயனப் பெட்டி வழியாக மூச்சு விடுவார்கள். அந்த அறிவு அன்று எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்விஃப்ட் ரெஸ்கியூ இறக்கிய தொலையியக்கக் கருவியின் கேமராவில் நங்கலா தெரிந்தது. 838 மீட்டர் ஆழத்தில், மூன்று துண்டாக. அவர்கள் அந்த 72 மணி நேரம் காத்திருக்கவே இல்லை, முன்பே முடிந்திருக்கும். காத்திருந்தது நாங்கள்தான். பிறகு அந்த மாலுமிகள் படகுக்குள் நெருக்கியடித்து நின்று, கிதார் வாசித்து, ஒரு பிரியாவிடைப் பாட்டு பாடிய பழைய வீடியோ வெளியானது. வேறொரு அதிகாரியை வழியனுப்பப் பாடியதாம். மக்சிக் அதை எனக்குக் காட்டினார். நான் முழுதாகப் பார்க்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் மச்சானோடு உட்கார்ந்து அந்த நீண்ட பதிப்பைப் பார்த்தேன். ஏன் மறுபடி போய் அதையே பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டாள், சரியான கேள்வி. எனக்குத் தோன்றுவது இதுதான்: செய்தியில் நீர்மூழ்கி ஒரு வரைபடம், ஒரு ஆழக் கணக்கு, கரையில் அழும் குடும்பம். நடுவில் உள்ளே இருந்தது என்ன என்பது இருட்டு. அந்த இருட்டில் உட்கார ஒரு இடம் இந்தப் படம் தருகிறது. 280 மீட்டரில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் அவர்கள் பழுதுபார்க்கும் பகுதியில் வீரம் பேசும் ஆள் யாரும் இல்லை. பேட்டரியைச் சரிசெய்கிறார்கள், தண்ணீரை வாளியில் அள்ளிக் கைமாற்றுகிறார்கள், பைப்பைச் சுற்றுகிறார்கள். கேப்டன் செய்தியாளனிடம், இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தம் சொல்கிறார். தலைமைப் பொறியாளர் கண் குழிந்துபோய் வந்து, எல்லாம் சரிசெய்தாயிற்று என்று தெரிவிக்கும்போது மச்சான் மூக்கைச் சிந்தினார். ஏசி குளிர் என்றார். ஏசி போடவே இல்லை.

இடையில் ஒன்று. கீல் என்ற ஊர் இந்தக் கட்டுரைக்குள் போஸ் கிளம்பிய துறைமுகமாக வந்தது. நிஜ யூ-96 கட்டப்பட்டதும் கீலில். நங்கலா கட்டப்பட்டதும் கீலில். அது கடற்படையில் சேர்ந்தது இந்தப் படம் வெளியான அதே 1981இல். நம் சிங்கப்பூர்க் கடற்படையின் புதிய நீர்மூழ்கிகள் நான்கும் அங்கே கட்டியவைதான். அவற்றில் முதல் இரண்டு, இன்வின்சிபிளும் இம்பெக்கபிளும், 2024 செப்டம்பரில் சாங்கி தளத்தில் முறைப்படி சேவையில் சேர்ந்தன. நீளம் 70 மீட்டர், ஆட்கள் 28 பேர். யூ-96 வகை 67 மீட்டர், அதில் ஐம்பது பேர். இடம் பரவாயில்லை என்று சொல்லலாம். என் தோழியின் மகன் கடற்படையில் சேர விரும்புகிறான், அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். கடற்படை நல்ல வேலை, இந்தப் படத்தை மட்டும் நீ பார்த்துவிடாதே என்று சொன்னேன். அவனைப் பார்க்கச் சொன்னேன்.

முடிவைப் பற்றி எனக்கும் மச்சானுக்கும் இன்னும் தகராறு. நாற்பது வருடப் பழைய படம், சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அத்தனையும் தாங்கி, ஜிப்ரால்டரின் அடியிலிருந்து மேலே வந்து, லா ரொஷெல் துறைமுகம் திரும்புகிறார்கள். பாண்டு வாத்தியம், அதிகாரிகள், வரவேற்பு. சில நிமிடங்களில் நேச நாட்டு விமானங்கள் வந்து குண்டு போடுகின்றன. நாம் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருந்தவர்களில் பலர் அந்தச் சிமெண்டுத் தரையில் கிடக்கிறார்கள். அடிபட்ட கேப்டன், தன் படகு துறையிலேயே மெல்ல மூழ்குவதைப் பார்த்துவிட்டுச் சரிகிறார். மச்சான் கோபத்தோடு எழுந்தே விட்டார். "இது ஏமாத்து வேலை மாப்ள. கடல்ல செத்திருந்தா ஒத்துக்குவேன். வேலை முடிச்சு வெளிய வந்த ஆளைக் கேட்ல வச்சு அடிக்கிறதா?" படம் கடல்மட்டத்துக்கு வந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும், கேப்டன் காற்றை இழுத்துச் சிரிக்கும் அந்த இடத்தில், என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. நான்கில் மூன்று பேர் திரும்பவில்லை என்று முதலிலேயே எழுதிக் காட்டியவர்கள், நமக்குப் பிடித்துப்போன இந்தப் படகை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் அதுதான் ஏமாற்று. எரியும் டாங்கருக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் கணக்கு நேராகிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். "கணக்கெல்லாம் நீ பாரு, அந்த யோஹான் என்ன பண்ணினான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேநீர் போடப் போய்விட்டேன்.

பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள். மூன்றரை மணி நேரப் பதிப்பையே தேடிப் பிடியுங்கள், ஜெர்மன் பேச்சோடு, வசன வரிகளோடு. ஆங்கிலத்தில் எல்லாரும் அமெரிக்கப் படத்தில் வரும் ஜெர்மானியர்கள் ஆகிவிடுகிறார்கள். எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் தவணை முறையில் பார்ப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். இரவில், ஜன்னலைச் சாத்திவிட்டு, நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ வைத்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று வீட்டில் யாராவது முனகுவார்கள், அவர்களைச் சீரியல் பார்க்க அனுப்பிவிடலாம். கூடவே ஒரு கப்பல் பட்டறைக்காரர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.